கழிவு செய்யும் முன் கழற்றிப் பார்க்க அனுமதி வேண்டி மனு

அனுப்புநர்
கைபேசி பழுதுநீக்கும் தொழிலாளி,
பட்டுக்கோட்டை,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தஞ்சாவூர்.

பொருள்: அரசுப் பள்ளிகளிலும் அங்கன்வாடி மையங்களிலும் பழுதாகிக் கிடக்கும் கைக்கணினிகள் (டேப்லெட்), கைபேசிகள், மடிக்கணினிகளைக் கழிவு செய்யும் முன், ஒன்றின் நல்ல பாகத்தை மற்றொன்றில் பொருத்திச் சீர்செய்ய அனுமதியும் நடைமுறையும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டுக்கோட்டையில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கைபேசி பழுதுநீக்கும் கடை வைத்திருக்கிறேன். ஒரு மேசை, ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு ஹாட் ஏர் கன், ஒரு மல்டிமீட்டர், சுவரோரமாகப் பன்னிரண்டு இழுப்பறைகள். அந்த இழுப்பறைகள் நிறைய உயிர் போன கைபேசிகள் இருக்கின்றன. என் தொழிலுக்கு முதலீடே அவைதான். மின்னணுப் பொருட்களுக்குப் பேர்போன சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒரு பாகம் பார்சலில் வந்து சேர இரண்டு நாளாகும். பழைய மாடலாக இருந்தால் அங்கேயும் கிடைக்காது. அப்போதெல்லாம் இழுப்பறையைத் திறப்பேன். தண்ணீரில் விழுந்து போர்டு (உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை) போன ஒரு கைபேசியின் டிஸ்பிளே, தரையில் விழுந்து டிஸ்பிளே உடைந்த இன்னொன்றுக்குப் போய்ச் சேரும். 2020-இலும் 2021-இலும் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, வீட்டில் இருந்த ஒரே கைபேசியில் மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் படித்த குடும்பங்களுக்கு நான் செய்து கொடுத்ததில் பாதிக்கு மேல் இந்த இழுப்பறைப் பாகங்களைக் கொண்டு செய்ததுதான்.

இந்த மனுவை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு ஓர் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர், சார்ஜ் ஏறாத கைக்கணினி ஒன்றைப் பார்க்க என்னை அழைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "இன்னும் சில இருக்கின்றன, தம்பி" என்று பீரோவைத் திறந்தார். மொத்தம் ஒன்பது. எல்லாம் ஒரே மாடல். தலைமையாசிரியர் பக்கத்தில் இருக்க, ஒவ்வொன்றையும் சோதித்துத் தாளில் குறித்துக்கொண்டேன். நான்கில் டிஸ்பிளே மட்டும் உடைந்திருந்தது. போர்டு நன்றாக இருந்தது. இரண்டில் மழைநீர் புகுந்து போர்டு அரித்திருந்தது. டிஸ்பிளேயில் கீறல்கூட இல்லை. இரண்டில் சார்ஜ் ஏற்றும் துளை ஆடிப் போயிருந்தது. ஒன்றில் பேட்டரி உப்பிக் கண்ணாடியையே மேலே தள்ளியிருந்தது. அது இருந்த அதே தட்டில்தான் மாற்றுச் சான்றிதழ்ப் பதிவேடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. உப்பிய லித்தியம் பேட்டரி அழுத்தப்பட்டாலோ குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கும். அதை அன்றே கழற்றி, ஒரு வாளி மணலுக்குள் வைத்து வெளியில் கொண்டுபோய் வைத்தேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள், ஐயா. போர்டு போன இரண்டின் டிஸ்பிளேக்களைக் கழற்றினால், டிஸ்பிளே உடைந்த நான்கில் இரண்டு எழுந்துவிடும். டிஸ்பிளே உடைந்தவற்றில் மிச்சமிருக்கும் இரண்டிலும் சார்ஜிங் போர்டு நன்றாக இருக்கிறது. இந்த மாடலில் அது தனிச் சிறு பலகை; சால்டர்கூட வைக்காமல் கழற்றி மாட்டலாம். அதில் துளை ஆடிப்போன இரண்டும் சரியாகிவிடும். பேட்டரி உப்பியதற்கும் அந்த இரண்டிலிருந்தே ஒரு பேட்டரி கிடைக்கும். ஒரு பாகம்கூட விலைக்கு வாங்காமல் ஒன்பதில் ஐந்து வகுப்பறைக்குத் திரும்பும். டிஸ்பிளேயைக் கழற்றுவது மட்டும் நிதானம் தேவைப்படும் வேலை. சூடான தட்டில் வைத்துப் பசையை இளக்கி, மெல்லிய கம்பியை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். கை தவறினால் உடையும். என் கையிலேயே உடைந்திருக்கிறது. ஆகவே ஐந்து என்பது நான்காகவும் ஆகலாம். ஆனால் ஒருபோதும் பூஜ்யம் ஆகாது.

தலைமையாசிரியர் என்னிடம் கேட்டது இதுதான்: "நான்காம் எண்ணில் இருப்பதைக் கழற்றி ஏழாம் எண்ணில் மாட்டினால், தணிக்கைக்கு வருபவரிடம் நான் என்ன சொல்வேன்?" அவர் கேட்டதில் தவறில்லை. இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு கருவியும் வரிசை எண்ணோடு பதிவாகியிருக்கிறது. எண் நான்கு உள்ளே காலியாக இருந்தால் அதற்குப் பொறுப்பு அவர்தான். ஆகவே சார்ஜிங் போர்டுகள் இரண்டை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்து, அதற்கான பணத்தைத் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்து, இரண்டை மட்டும் சரிசெய்துகொண்டார். மற்ற ஏழும் பீரோவுக்குத் திரும்பின. நேர்மையாக நடக்க விரும்பும் ஒருவருக்கு, நல்ல பொருளைப் பூட்டி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் இருக்கிறது என்பதே என் வருத்தம்.

என் போன்ற கடைக்காரருக்குக் கிடைக்காத ஒரு வசதி அரசுக்கு இருக்கிறது. என் கடைக்கு நூறு பேர் வந்தால் எழுபது மாடல் வரும்; ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குச் சேராது. அரசோ ஒரே மாடலை ஆயிரக்கணக்கில் வாங்குகிறது. 2011-ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்குத் தரப்பட்ட மடிக்கணினிகள் ஆனாலும், ஆசிரியர்களுக்கும் பள்ளிகளுக்கும் தரப்பட்ட கைக்கணினிகள் ஆனாலும், ஊட்டச்சத்துப் பதிவுக்காக அங்கன்வாடிப் பணியாளர்களுக்குத் தரப்பட்ட கைபேசிகள் ஆனாலும், ஒவ்வொரு தொகுப்பும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். ஒரு பள்ளியின் பழுதுக்கான பாகம் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பள்ளியின் பீரோவில் சும்மா கிடக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லாததால் இரண்டுமே வீணாகின்றன.

காத்திருப்பதும் நட்டம்தான். பயன்படுத்தாமல் வைத்திருக்கும் பேட்டரி தானாகவே மெல்ல இறங்கும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்த லித்தியம் செல்லை மறுபடி சார்ஜ் செய்வது ஆபத்து. அதை ஒதுக்கிவிட வேண்டும். ஆகவே இன்று பீரோவில் இருக்கும் நல்ல பேட்டரி, இரண்டு ஆண்டு கழித்துத் திறக்கும்போது நல்ல பேட்டரியாக இருக்காது. ஈரம் புகுந்த போர்டை அன்றே துடைத்துக் காய வைத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. பச்சைக் களிம்பு ஏறிய பிறகு எதுவும் செய்ய முடியாது.

சட்டம் இதற்குத் தடையாக இருக்கிறதா என்றும் படித்துப் பார்த்தேன். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022, மின்னணுக் கழிவைப் பதிவு பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. அது மிகச் சரி. பழைய இரும்புக் கடை வழியாகப் போகும் போர்டுகள் டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில் எரிக்கப்படுவதும், அமிலத்தில் ஊறவைக்கப்படுவதும், அந்தப் புகையைக் குழந்தைகள் சுவாசிப்பதும் நாடறிந்த செய்தி. ஆனால் அதே விதிகளின்படி, கழிவு என்று ஒதுக்கப்பட்டதும், உற்பத்தியிலோ பழுதுநீக்கத்திலோ கழிக்கப்பட்டதும்தான் கழிவு. உரியவர் தம் பொருளைப் பழுது பார்ப்பது கழிவைக் கையாள்வது ஆகாது. அப்படியென்றால், பதிவேட்டில் "கழிவு செய்யப்பட்டது" என்று எழுதும் அந்த ஒரு கையெழுத்துக்கு முன்னால்தான் வழி திறந்திருக்கிறது. அதற்குப் பிறகு என் போன்றவர்கள் தொடக்கூடாது, தொடவும் மாட்டோம். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் ஒரு நாள் அவகாசம் கேட்டுத்தான் இந்த மனுவைக் கொண்டுவந்திருக்கிறேன்.

வரும் கோடை விடுமுறையில், முதலில் பட்டுக்கோட்டை ஒன்றியத்தில் மட்டும், ஒரு முகாம் நடத்த ஆணையிட வேண்டுகிறேன். ஒன்றியத்தில் உள்ள பள்ளிகளும் அங்கன்வாடி மையங்களும் பழுதான கருவிகளைப் பட்டியலோடு ஓரிடத்துக்குக் கொண்டுவரட்டும். அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தின் பயிற்சிக்கூடம் கிடைத்தால் மிக நல்லது. எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவு மாணவர்களும் கூடவே கற்றுக்கொள்வார்கள். பட்டுக்கோட்டையில் கைத்திறன் உள்ள பழுதுநீக்குவோர் பலர் இருக்கிறோம். நாள்கூலி அடிப்படையில் வரத் தயார். முதல் முகாமுக்கு நான் கூலி வாங்கப்போவதில்லை.

பதிவேட்டைப் பொறுத்தவரை எளிய ஏற்பாடு போதும் என்று நினைக்கிறேன். எந்த எண்ணிலிருந்து எந்தப் பாகம் எந்த எண்ணுக்குப் போனது என்பதை எழுத ஒரு தாள். அதில் தலைமையாசிரியரும் ஒன்றிய அளவில் ஓர் அலுவலரும் கையெழுத்திட்டால் தணிக்கையில் அதை ஏற்கலாம் என்ற சுற்றறிக்கை. பாகம் கொடுத்த கருவி, உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்ற குறிப்போடு கழிவுப் பட்டியலில் சேரட்டும். அந்த ஒரு சுற்றறிக்கை இருந்திருந்தால் அந்தத் தலைமையாசிரியர் அன்றே ஐந்தையும் செய்ய ஒப்புக்கொண்டிருப்பார்.

கருவிகளில் பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், ஆதார் விவரம் எல்லாம் இருக்கக்கூடும். ஆகவே எங்கள் கைக்கு வருமுன், இயங்குகிற கருவிகளின் தகவல்களைத் துறையின் பணியாளர் ஒருவர் அழித்துவிட வேண்டும். இயங்காதவற்றை அவர் கண்முன்னால்தான் திறக்க வேண்டும். கணக்கை நீக்காமல் மாறுதலாகிப் போன ஆசிரியரின் கடவுச்சொல் தெரியாமல் பூட்டிக்கொண்ட கைக்கணினிகளும் உண்டு. எந்தப் பாகமும் பழுதாகாத அவற்றை மீட்க, முறைப்படி பூட்டைத் திறக்கும் அதிகாரம் துறைக்குத்தான் இருக்கிறது. எங்களில் சிலருக்குக் குறுக்கு வழிகள் தெரியும்; அரசுக் கருவியில் அதைச் செய்யக் கூடாது என்பது என் கருத்து.

பேட்டரி விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். தண்ணீர் பட்ட கருவியின் பேட்டரி வேறொன்றுக்குப் போகக் கூடாது. உப்பியவற்றை முகாம் வரை காத்திராமல் இப்போதே பீரோக்களிலிருந்து அகற்றச் சொல்லி உத்தரவிட வேண்டும். இந்த மனுவில் நாள் தாழ்த்தக் கூடாத கோரிக்கை இது ஒன்றே. அவற்றைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதலோடு பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கலாம்.

பழைய மடிக்கணினி பேட்டரிகள் தனிக் கதை. அவற்றுள் பலவற்றில் உருளை வடிவச் செல்கள் இருக்கும். ஒரு செல் பலவீனமானாலே முழுப் பேட்டரியும் செத்தது போல நடக்கும். சோதித்தால் மற்றவை பல நேரம் உயிரோடு இருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்து போன பிறகு எங்கள் பகுதி எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்பதைத் தாங்கள் பதிவுகளில் பார்த்திருப்பீர்கள். தென்னை முழுக்கச் சாய்ந்து, கம்பங்கள் முறிந்து, ஒரு கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் இருக்கும் வீட்டு வாசலில் வரிசை நின்றது. அப்போது இந்தச் செல்களோடு, அவை அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறாமலும் இறங்காமலும் காக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்டும் எல்.இ.டி. விளக்குகளும் சேர்த்து, எங்கள் தெருவுக்கு இருபத்திரண்டு விளக்குகள் செய்து கொடுத்தேன். ஒரு பிரசவம் அந்த வெளிச்சத்தில் நடந்தது. கடலோர மாவட்டம் இது. ஒவ்வொரு நவம்பருக்கு முன்பும் புயல் பாதுகாப்பு மையங்களுக்கு இப்படி விளக்குகள் செய்து வைக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாமல் மட்டும் யாரும் செய்யக் கூடாது.

எழுப்ப முடியாதவற்றிலும் பள்ளிக்கு உதவுபவை உண்டு. உடைந்த கைபேசியின் கேமராவிலிருந்து எடுத்த சிறு லென்ஸைத் தலைகீழாக இன்னொரு கைபேசியின் கேமரா மேல் ஒட்டினால், வெங்காயத் தோலின் செல்கள் தெரியும். என் மகளின் வகுப்பில் செய்து காட்டினேன். நுண்ணோக்கியில் ஒருவர் பின் ஒருவராகப் பார்க்க வேண்டியதை நாற்பது பிள்ளைகளும் திரையில் ஒன்றாகப் பார்த்தார்கள். மடிக்கணினித் திரையை, அதற்கேற்ற கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று வாங்கிச் சேர்த்தால் மானிட்டராக்கலாம். கைக்கணினி, கைபேசித் திரைகளுக்கு அது எளிதில் நடக்காது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, தங்கள் பரிந்துரையோடு அரசுக்கு அனுப்பக் கேட்பது ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. இவையும் ஒரு நாள் பழுதாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், கைபேசி, கைக்கணினிகளின் முக்கிய உதிரிபாகங்களை, அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. இத்தனை லட்சம் கருவிகளை ஒரே நேரத்தில் வாங்கும் அரசு, ஒப்பந்தப்புள்ளியிலேயே உதிரிபாகங்களையும் பழுதுநீக்கும் கையேட்டையும் கேட்டால் எந்த நிறுவனமும் மறுக்காது. கூடவே, என் போன்ற சிறு கடைக்காரர்கள் புதுப்பிப்பாளராக (பழைய கருவிகளைச் சீர்செய்து மறுபடி பயன்பாட்டுக்குத் தருபவராக) முறைப்படி பதிவு செய்துகொள்ள, மாவட்டத் தொழில் மையம் மூலம் தமிழில் வழிகாட்டுதல் கிடைத்தால், கழிவான பிறகும் எங்களால் சட்டத்துக்கு உட்பட்டு உதவ முடியும்.

அந்த ஒன்பது கைக்கணினிகளின் நிலை குறித்து நான் எழுதிய தாளின் நகலைப் பள்ளியின் பெயர் இல்லாமல் இணைத்திருக்கிறேன். நேரில் விளக்க அழைத்தால் கருவிகளோடு வந்து, தங்கள் முன்னிலையிலேயே ஒன்றைக் கழற்றி இன்னொன்றை எழுப்பிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கைபேசி பழுதுநீக்கும் தொழிலாளி

இடம்: பட்டுக்கோட்டை
நாள்: 16.02.2026

இணைப்பு: ஒன்பது கைக்கணினிகளின் பழுது விவரத் தாள் – 1