விபூதிப் புதனுக்கு ஒரு மணிநேரம்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

நான் விசுவமடுப் பக்கம் ஒரு அரச பாடசாலையில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறேன். கத்தோலிக்கப் பெண். விபூதிப் புதன் காலையில் பூசைக்குப் போய் ஒரு மணிநேரம் பிந்தி வர எங்களுக்கு எழுத்தில் அனுமதி வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

2025 மார்ச் 5ஆம் திகதி விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிற நாள். எங்கள் கோயிலில் காலை 6 மணிக்குப் பூசை. பூசை வைக்கிற குருவானவருக்கு அன்றைக்கு வேறு கோயில்களும் இருந்தன. பின்னேரப் பூசைக்குப் போனால் திரும்பி வர பஸ் கிடையாது. நெற்றியில் சாம்பலோடு பரந்தன் - முல்லைத்தீவு வீதிக்கு ஓடி வந்தேன், வழமையான பஸ் போய்விட்டது. பாடசாலைக்குள் நுழைய 7.50. வரவுப் பதிவேட்டில், பிந்தி வருகிறவர்களைப் பிரிக்கிற சிவப்புக் கோடு கீறியாகிவிட்டது. கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தேன்.

முதல் நாளே அதிபரிடம் சொல்லியிருந்தேன். "டீச்சர், எனக்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. வலயக் கல்விப் பணிமனையில் கேட்டால் நான் என்ன சொல்ல?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் சொன்னது உண்மை. அதுதான் என்னுடைய கவலையும்.

வகுப்புக்குள் போனதும் ஒரு சின்னவள், "டீச்சர், நீங்களும் விபூதி பூசுவீங்களோ?" என்று கேட்டாள். போன வருடக் குருத்தோலையை எரித்த சாம்பல் இது என்றேன். "எங்கட அம்மம்மா சாணத்தைச் சுட்டுத்தான் விபூதி செய்யிறவா" என்றாள். பிறகு எல்லாப் பிள்ளைகளும் கிட்ட வந்து என் நெற்றியைப் பார்த்தார்கள். நான் வரும்வரை அவர்களைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வகுப்புச் சைவ ஆசிரியை. கந்தசஷ்டி விரதத்தில் அவ களைத்துப்போகிற நாட்களில் வெயிலில் நிற்கிற வேலையை நான் எடுத்துக்கொள்வேன். வாணி விழாவுக்கு அவல், கடலை சரை கட்டுவதிலும் நான் இருப்பேன். எங்களுக்குள் இதில் ஒரு பிரச்சினையும் இல்லை.

முஸ்லிம் உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நேரம் உண்டு. நோன்பு காலத்தில் தொழுகைக்கு வசதியாக வேலையை ஒழுங்குபடுத்தும்படி சுற்றறிக்கையும் வருகிறது. நல்ல விஷயம், அப்படித்தான் இருக்க வேண்டும். 2025இல் நோன்பின் முதல் வாரத்திலேதான் எங்கள் விபூதிப் புதனும் வந்தது. அவர்களுக்கு எழுத்தில் இருப்பது போல எங்களுக்கும் ஒரு வரி இருந்தால் அதிபரும் சங்கடப்பட மாட்டார், நானும் கெஞ்ச வேண்டியிருக்காது. நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும் அரச விடுமுறை இருக்கிறதே என்பார்கள். சரி. ஆனால் விபூதிப் புதனுக்கு நான் முழு நாள் லீவு கேட்கவே இல்லை.

இன்னொன்று, ஞாயிறு காலை. சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் விசேட வகுப்பும் கூட்டமும் அந்த நேரத்துக்கே விழுகின்றன. கிராமத்தில் பூசை ஒன்றுதான், அதைத் தவறவிட்டால் அந்தக் கிழமை பூசை இல்லை. வகுப்பை 10 மணிக்குத் தொடங்கினால் ஆசிரியருக்கு மட்டுமல்ல, மறைக்கல்விக்குப் போகிற பிள்ளைக்கும் வசதி.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் மிஷன் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. பல பெயர்ப்பலகைகளில் றோமன் கத்தோலிக்கப் பாடசாலை என்று இன்னும் இருக்கிறது. அந்தக் காலத்துக்குத் திரும்பச் சொல்லி நான் கேட்கவில்லை. அரச பாடசாலை எல்லாச் சமயத்தவருக்கும் பொது. ஆனால் வழிபாட்டிலும் அனுட்டானத்திலும் தன் சமயத்தை வெளிப்படுத்தும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் தருகிறது. நானும் அதில் ஒருத்தி.

மாகாணக் கல்வித் திணைக்களம் அடுத்த தவக்காலத்துக்கு முன் இதை எழுத்தில் தர வேண்டும். அந்த ஒரு மணிநேரத்தை அன்று பின்னேரமே பாடசாலையில் இருந்து ஈடுசெய்ய நான் தயார்.

இப்படிக்கு,
கத்தோலிக்க ஆசிரியை ஒருவர்,
விசுவமடு.