குழந்தைகளை ஒரே இடத்தில் உட்கார வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் உடன்படிக்கை 1971 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தானது. அந்த நாளை உலக ஈரநில நாளாகக் கொண்டாடுகிறோம். அதையொட்டிப் பள்ளிகளும் குடும்பங்களும் பறவைகள் சரணாலயத்துக்குக் கிளம்புவது மகிழ்ச்சி. ஆனால், மிருகக்காட்சிசாலையைச் சுற்றிக் காட்டுவதுபோல் கரை நெடுகப் பிள்ளைகளை நடத்தி, "அதோ பார், இதோ பார்" என்று இழுத்துக்கொண்டு போகிறார்கள். கரையில் ஆள் நடமாடிக்கொண்டே இருந்தால் பறவைகள் எழுந்து தள்ளிப் போகும். கண்ணில் படுவது அவற்றின் முதுகுதான்.

ஒரே இடம் போதும். ஆழமில்லாத தண்ணீரும் கொஞ்சம் சேறும் நாணலும் சேர்ந்து தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது, பொறுக்க வேண்டும். விலகிய பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும்போது பெயர் சொல்லத் தொடங்காமல், கால்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரச் சேற்றில் குட்டைக் கால்களோடு ஓடி ஓடிக் குத்துவது உள்ளான். கணுக்கால் அளவுத் தண்ணீரில் அசையாமல் நிற்பது கொக்கு. இன்னும் சற்று உள்ளே கரண்டிவாயன், அலகைப் பாதி திறந்து, தண்ணீருக்குள் இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். உள்ளே ஏதாவது பட்டால் சட்டென மூடிக்கொள்ளும். கால் எட்டாத ஆழத்தில் முக்குளிப்பானும் நீர்க்காகமும். எங்கே எவ்வளவு ஆழம் என்பதைப் பறவைகளின் கால்களே சொல்லிவிடும். ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூட இது புரியும். பறக்கும்போது கொக்கு கழுத்தை மடித்துக்கொள்ளும், கரண்டிவாயன் நீட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொன்னால், பெயர்களைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். காலையில் கிழக்குக் கரையில் அமர்ந்து மேற்கே பாருங்கள், மாலையில் நேர்மாறாக. வெளிச்சத்தை எதிர்த்துப் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். விடிந்த முதல் இரண்டு மணி நேரம்தான் சிறப்பு. சிறு பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

பைனாகுலர் விஷயத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 10 மடங்கு பெரிதாக்கும் கருவி கை நடுக்கத்தையும் 10 மடங்கு பெரிதாக்கும். பிள்ளைகளுக்கு 6×30 போதும்; அதாவது 6 மடங்கு பெரிதாக்கும், முன்பக்கக் கண்ணாடி 30 மில்லிமீட்டர் அகலமுள்ள கருவி. இன்னொரு சிக்கல்: சிறு குழந்தையின் இரு கண்மணிகளுக்கு இடைவெளி 50 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பெரியவர்களுக்கான கருவிகள் பலவும் அந்த அளவுக்கு மடங்காது. குழந்தைக்கு இரண்டு தனி வட்டங்கள் தெரியும். ஆனாலும் நம் மனம் கோணாதிருக்க "தெரியுது" என்று சொல்லிவிடும். "பறவை எந்தப் பக்கம் திரும்பி நிற்குது?" என்று கேட்டுப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். கருவி மடங்கவில்லை என்றால் ஒரு குழாய் வழியாக மட்டும் பார்க்கட்டும். முதலில் வெறுங்கண்ணால் பறவையைப் பிடித்து, பார்வையை எடுக்காமலே கருவியைக் கண்ணுக்கு உயர்த்தப் பழக்குங்கள். சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.

கூடுகள் உள்ள பருவத்தில் கை தட்டுவதும் கத்துவதும் உயிரைப் பறிக்கும். தாய் எழுந்து போனால் முட்டையும் குஞ்சும் வெயிலில் காயும்; காத்திருக்கும் காக்கைக்கு அந்தச் சில நிமிடங்களே போதும். மிரண்ட குஞ்சுகள் கிளையிலிருந்து தவறி விழும். காரணத்தைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் பெரியவர்களைவிட அமைதியாக இருப்பார்கள்.

கரையோரச் சேறு மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் அடியில் முழங்கால் வரை இழுக்கும். பாதையை விட்டு இறங்கக் கூடாது. கொசு விரட்டி தடவிய கையால் தவளையையோ தலைப்பிரட்டையையோ தொடக் கூடாது. அவற்றின் தோல் அந்த மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

சரணாலய நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: பார்வைக் குடில்களின் திறப்புகள் பெரும்பாலும் பெரியவர்களின் கண் உயரத்தில்தான் இருக்கின்றன. தரையிலிருந்து 90 சென்டிமீட்டரில் இன்னொரு வரிசை வையுங்கள். அதுவரை வீட்டிலிருந்து ஒரு சிறு முக்காலியைக் கொண்டு போவது நல்லது. தங்கள் இதழ் சுற்றுலாப் பக்கங்களில் சரணாலயங்களை அறிமுகம் செய்யும்போது, காலையில் எந்தக் கரை, கழிப்பறை எங்கே, நிழல் எங்கே என்ற மூன்றையும் தவறாமல் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்