சேணத்துக்கு முன்னால் தரைப் பாடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக் குதிரையேற்ற வகுப்புகள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘பத்தே நாளில் குதிரை ஓட்டலாம்’ என்று ஒரு பயிற்சியாளர் சொன்னதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். பத்து நாளில் குதிரை மேல் உட்காரலாம், அவ்வளவுதான். காவல்துறையின் குதிரைப்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

எங்களிடம் வந்த குதிரைகளில் பல, பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவை. ஜாக்கி கடிவாளத்தை இறுக்கிப் பிடிக்க, அதன்மேல் சாய்ந்தபடியே ஓடிப் பழகியவை. நிறுத்த நினைத்து இழுத்தால் இன்னும் வேகம் எடுக்கும். ஜாக்கி, கால் வைக்கும் அங்கவடியைக் குட்டையாகக் கட்டி, சேணத்தில் உட்காராமலே ஓட்டுவார். அதனால் காலை விலாவில் அணைத்தால் என்ன அர்த்தம் என்பதும் அவற்றுக்குத் தெரியாது. இதையெல்லாம் மாற்றி, மெரினா கூட்டத்துக்கு நடுவே மிரளாமல் நிற்க வைக்க மாதக்கணக்கில் ஆகும். அதில் பாதி வேலை தரையில் நின்று செய்வதுதான்.

குளம்பு சுத்தம் செய்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். குதிரையின் தோளில் கை வைத்து, அப்படியே காலின் பின்பக்கமாக இறக்கி, குளம்புக்குச் சற்று மேலே லேசாக அழுத்த வேண்டும். கால் தரையை விட்டு எழுந்த அந்த நொடியே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். குதிரைக்கு அதுதான் சம்பளம். நேரத்துக்குக் கொடுத்தால் மறுநாள் கை பட்டதுமே காலைத் தூக்கும். மேலே ஏறிய பிறகும் இதே கணக்குதான்: நின்றதும் கடிவாளத்தைத் தளர்த்த வேண்டும்.

அப்புறம், கடிவாள இரும்பு உட்காரும் இடம் பல் இல்லாத வெறும் ஈறு. பிள்ளைகள் தடுமாறும்போதெல்லாம் அதைப் பிடித்துத் தொங்கினால் குதிரைக்கு வலி, நாளடைவில் வாயே மரத்துப்போகும். அதனால்தான் ஆரம்பத்தில் குதிரையை நீளக் கயிற்றில் வட்டமாக நடத்தி, பிள்ளையின் கையில் கடிவாளமே கொடுக்காமல் உட்காரப் பழக்குவார்கள். என் பேரன் போன இடத்தில் இரண்டாவது வகுப்பிலேயே ஓட விட்டார்கள். கேட்டதற்கு, “பசங்களுக்கு போர் அடிக்கும் சார்” என்று பதில். சரி, கயிற்றில் நடத்தினால் போட்டோவும் நன்றாக வராதுதான்!

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரஸாஜ் குழுப் போட்டியில் நம்மவர்கள் வென்றது, குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம். டிரஸாஜில் தாண்டலும் கிடையாது, பந்தய வேகமும் கிடையாது. பார்ப்பவர் கண்ணுக்குப் படாத சைகையில் குதிரை நடக்கிறதா, திரும்புகிறதா, நிற்கிறதா என்பதற்குத்தான் மதிப்பெண்.

பெற்றோர்கள் பணம் கட்டுமுன் லாயத்துக்குப் போய்க் குதிரையின் வாயோரத்திலும் சேணம் உட்காரும் இடத்திலும் புண் இருக்கிறதா என்று பார்க்கட்டும். நீங்களும் அடுத்த முறை கட்டணப் பட்டியலோடு, எங்கெல்லாம் முதலில் தரைப் பாடம் நடக்கிறது, எங்கெல்லாம் தலைக்கவசம் கட்டாயம் என்பதையும் கேட்டுப் போடுங்கள். நீங்கள் போட்ட படத்தில் இருந்த சிறுமியின் தலையில் அது இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குதிரைப்படைக் காவலர்,
சென்னை