வேகமாக வாசித்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆங்கிலப் பாடத்தைக் கடகடவென வாசிக்கும் பிள்ளைகள், என்ன புரிந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள். வேகமாக உச்சரிப்பதிலேயே கவனம் முழுவதும் போய்விட்டால் பொருளை எப்படிப் பிடிப்பார்கள்? ஒரு கதையை உதவியின்றிப் புரிந்துகொள்ள ஏறத்தாழ 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் ஆகிய ஆய்வாளர்கள் 2000இல் எழுதினார்கள். அப்படியானால் 50 சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். நம் பாடங்கள் பலவற்றில் வரிக்கு வரி புதுச்சொல்! பாடநூலோடு, மிக எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்களும் வகுப்பில் நிறைய வேண்டும். அப்புறம், பாடத்தின் கருவை முதலில் தமிழில் பேசிவிடுவதில் தவறே இல்லை. தெரிந்த விஷயமென்றால் தெரியாத சொல்லும் பிடிபடும். வாரம் ஒரு பாடவேளையாவது மௌன வாசிப்புக்குக் கல்வித்துறை ஒதுக்க வேண்டும்.

பெற்றோர் ஒருவர்,
தேனி.