நாலு சென்சாரும் ஒரு பாரைத் துண்டும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

மாரி பிடித்துக்கொண்டது. வாவி ஒரே கலங்கல், தோணிகள் பாதி கரையில்தான். கல்முனையில் உன் வாடிக்கு மீன் வரத்து எப்படி?

பழுதான மீனை மணந்து சொல்ல ஒரு மெஷின் செய்ய முடியாதா என்று கேட்டாயே. ஆசைப்பட்டு கொழும்பிலிருந்து நாலு வாயு சென்சார் எடுப்பித்தேன். ஒன்று அமோனியாவுக்கு, ஒன்று மதுசாரத்துக்கு, மற்ற இரண்டும் புகைக்கும் சமையல் வாயுவுக்கும் என்றார்கள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் கிட்டக் கொண்டுபோனேன். நாலும் ஏறியது! கடைக்காரருக்கு ஃபோன் எடுத்து நல்லாக ஏசிவிட்டேன்.

பிழை என்னில்தான். உள்ளே இருப்பது சூடேற்றிய வெள்ளீய ஒட்சைட்டுப் படலம். காற்றிலுள்ள ஒட்சிசன் அதில் ஒட்டி இலத்திரன்களைப் பிடித்து வைத்திருக்கும். எரியக்கூடிய வாயு எது வந்து அந்த ஒட்சிசனோடு சேர்ந்தாலும் இலத்திரன் விடுபடும், படலத்தின் மின்தடை குறையும், அளவு ஏறும். நாலு சென்சாரும் ஒன்றுக்கொன்று கூடக்குறைய அசையும், அவ்வளவுதான்.

அப்புறம் வாசித்தால், நம் மூக்கும் இதே கதைதான். மணம் பிடிக்கும் ஏற்பிகள் ஏறக்குறைய 400 வகை. ஒவ்வொரு மணத்துக்கும் தனித்தனியாக ஒன்று என்று கிடையாது. எது எது எவ்வளவு அசைந்தது என்ற கோலத்தைத்தான் மூளை படிக்கிறது. அந்த ஏற்பிகளின் மரபணுக்களை 1991இல் கண்டறிந்த லிண்டா பக்குக்கும் ரிச்சர்ட் ஆக்செலுக்கும் 2004இல் நோபல் கிடைத்தது. ஆனால் 1982இலேயே இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் பெர்சோட், டாட் என்ற இருவர் இப்படியான வாயு சென்சார்களைச் சேர்த்து ஒரு மூக்கு செய்து காட்டிவிட்டார்கள். நாலும் சுத்தமாக ஒவ்வொரு வாயுவை மட்டும் பிடித்திருந்தால் எனக்கு நாலு மணம்தான் தெரிந்திருக்கும். நான் ஏசிய அந்தக் குறைதான் சரக்கே!

காலையில் வாங்கிய பாரைத் துண்டொன்றை டப்பாவில் மூடி, பின்னேரம் வரை அளந்தேன். துண்டு பெரிதென்றால் நாலும்தான் ஏறும். அதனால் கூட்டுத்தொகையால் வகுத்து, ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்தேன். பின்னேரம் அமோனியாக்காரனின் பங்கு தெளிவாகக் கூடியிருந்தது. மனிசி அதற்கு முதலே குசினியை விட்டுப் போய்விட்டாள்.

அடுத்த நாள் அடைமழை. டப்பாவில் மீனே இல்லை, நாலும் ஏறி நிற்கிறது. ஈரப்பதமும் தடையைக் குறைக்குமாம். இப்போது ஈரப்பதம் அளக்க ஐந்தாவதாக ஒன்று பூட்டி, அதன் பங்கைக் கழிக்கப் பார்க்கிறேன்.

ஆகவே இப்போதைக்கு வாடிப் பக்கம் இதைக் கொண்டுவர மாட்டேன். தை கழிந்து வெயில் வந்ததும் நல்லது, அரைப் பழுது, முழுப் பழுது என்று மூன்று பெட்டி எடுத்து வை. நீ மணந்து சொல்லச் சொல்ல நான் பக்கத்திலிருந்து எண்களை எழுதுகிறேன். எது பழுது என்று இதற்கு யாராவது முதலில் சொல்லித்தர வேண்டுமே.

உன்,
கல்லடி மச்சான்