ஒரே சமக்குறி, இரண்டு வேலை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு சி நிரல்மொழி சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து நீயே மாட்டிக்கொண்டதைப் படித்துச் சிரித்துவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண்ணாடி பவர் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான் செய்தி.

சரி, அவள் கேள்விக்கு வருகிறேன். மாணவர் என்றொரு ஸ்ட்ரக்சர், அதாவது பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு. அதற்குள் பெயருக்கு 20 எழுத்து அரே (ஒரே வகை மதிப்புகளின் வரிசை), மதிப்பெண்களுக்கு 5 எண் அரே. அறிவிக்கும் வரியிலேயே சமக்குறி போட்டு நெளிவு அடைப்புக்குள் மதிப்புகளைக் கொடுத்தால், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் பேசாமல் வாங்கிக்கொள்கிறது. அடுத்த வரியில் பெயருக்கு மட்டும் அதே சமக்குறியைப் போட்டால் சண்டைக்கு வருகிறது. ஏன் என்று அவள் கேட்டது நியாயம்தான். முதலாவது, மாறி (வேரியபிள்) உருவாகும்போதே அதன் இடத்தை நிரப்புவது. இரண்டாவது, ஏற்கெனவே இருக்கும் அரேக்கு மதிப்பு வைப்பது. சி-யில் முழு அரேயைச் சமக்குறியின் இடப்பக்கம் வைக்க அனுமதியே இல்லை. மதிப்பெண்களை லூப் போட்டு ஒவ்வொன்றாக வை, அல்லது நினைவகத்தை அப்படியே நகலெடுக்கும் மெம்காப்பி போதும்.

பெயரில்தான் கவனம் வேண்டும். எழுத்துகளை நகலெடுக்கும் ஸ்ட்ர்காப்பி இடம் போதுமா என்று பார்க்காது. எத்தனை எழுத்து என்று எல்லை வைக்கும் ஸ்ட்ர்என்காப்பி பாதுகாப்பானது என்று பலர் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெயர் சரியாக 20 எழுத்து இருந்தால் 20-ஐயும் நிரப்பிவிட்டு, பெயர் முடிந்தது என்று காட்டக் கடைசியில் வரவேண்டிய பூஜ்ஜியத்தைப் போடாமலே விட்டுவிடும். இடத்தின் அளவைச் சொல்லிக் கொடுத்தால் எஸ்என்பிரின்ட்எஃப் 19 எழுத்தோடு வெட்டிப் பூஜ்ஜியமும் போட்டுவிடும். நான் அதைத்தான் எழுதுவேன்.

வேடிக்கை என்னவென்றால், தனி அரேக்கு முடியாதது ஸ்ட்ரக்சருக்கு முடியும். ஒரு மாணவரை இன்னொரு மாணவருக்குச் சமக்குறியால் கொடுத்துப் பார், உள்ளே இருக்கும் இரண்டு அரேக்களும் சேர்ந்தே நகலாகிவிடும். ஆரம்ப கால சி-யில் இதுவும் கிடையாது. 1989 ஆன்சி (அமெரிக்கத் தர நிறுவனம்) தரத்தில் முறையாக இடம்பெற்றுவிட்டது. 1999 தரத்துக்குப் பிறகு, நெளிவு அடைப்புக்கு முன்னால் வகையின் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதி, அறிவித்த பிறகும் மொத்தமாக மதிப்பு வைக்கலாம். ஆனால் நீ குறிப்பிடாத உறுப்புகளெல்லாம் பூஜ்ஜியமாகிவிடும். பெயரை மட்டும் மாற்ற நினைத்தால் மதிப்பெண்கள் போச்சு!

அப்புறம், பெயரை அரேக்குப் பதில் பாயின்டராக (முகவரியை வைத்திருக்கும் மாறி) வைத்தால் சமக்குறி தாராளமாக வேலை செய்யும். அப்போது ஸ்ட்ரக்சரை நகலெடுத்தால் முகவரிதான் நகலாகும், எழுத்துகள் அல்ல. நினைவகம் ஒதுக்கித் தரும் மல்லாக்கில் இடம் வாங்கிப் பெயரை எழுதச் சொல். நகலில் ஒரு எழுத்தை மாற்றிவிட்டு அசலை அச்சிட்டுப் பார்க்கட்டும். அவள் என்ன சொன்னாள் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்