தவறான விடைகளை எழுதப் பழகுதல்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்கு முன் இணையவழிப் பாடம் ஒன்றையாவது உருவாக்கிவிட வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்தது மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. எந்த மென்பொருளை முதலில் கற்பது என்று கேட்டிருந்தீர்கள். இணையவழிப் பாடங்களை உருவாக்கி நடத்த உதவும் மூடுல் (Moodle) 2002 இல் வெளிவந்த கட்டற்ற மென்பொருள், அதிலேயே தொடங்கலாம். கருவி விரைவில் பழகிவிடும்.

பழகாதது வேறொன்று. வகுப்பில் ஒரு மாணவரின் நெற்றி சுருங்கினால் உடனே விளக்கத்தை மாற்றிக்கொள்கிறோம். எண்ணிப் பாராமலேயே செய்துவந்த அந்த வேலையை, இணையத்தில், முகம் தெரியாத ஒருவர் எங்கே தடுமாறுவார் என்று முன்கூட்டியே ஊகித்து எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டு ஆசிரியப் பணி தராத ஒரு பயிற்சியை இந்த ஊகம் எனக்குத் தந்தது.

பல்தேர்வு வினா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால், ஐந்தில் இரண்டு என்பவர் தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டியவர். ஆறில் ஒன்று என்பவர் கூட்டலுக்குப் பதிலாகப் பெருக்கியவர். மூடுலில் ஒவ்வொரு தெரிவுக்கும் தனிப் பின்னூட்டம் எழுதலாம். முதலாமவரிடம், "ஐந்தில் இரண்டு அரையைவிடச் சிறியது, அரையோடு இன்னொரு பின்னத்தைச் சேர்த்தால் விடை குறையுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மீண்டும் முயலவிடுவேன். சரியான விடையை எழுத ஒரு நிமிடம் போதும். பொருளுள்ள தவறான விடைகளை எழுதத்தான் ஒரு மாலைப் பொழுது போய்விடுகிறது. வெறும் இடநிரப்பலாக வைக்கும் தெரிவுகள் எதையும் வெளிக்காட்டுவதில்லை என்பதால் அவற்றை நீக்கிவிடுகிறேன்.

காணொளியைப் பொறுத்தவரை நான் சிக்கனக்காரன். எட்எக்ஸ் (edX) என்ற இணையக் கல்வித் தளத்தின் பாடங்களை ஆராய்ந்து 2014 இல் வெளியான ஓர் ஆய்வில், காணொளி எவ்வளவு நீண்டிருந்தாலும், மாணவர்கள் அதைப் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. (திரையில் தோன்றும் ஆசை நம்மில் யாருக்குத்தான் இல்லை!) திரையில் உள்ள வரிகளை அப்படியே வாசிப்பதையும் விட்டுவிட்டேன், கண்ணுக்கும் காதுக்கும் ஒரே சொற்களைக் கொடுத்தால் கவனம்தான் சிதறும்.

மதிப்பெண் இல்லாத சிறு தேர்வுகள் எதற்கு என்று உங்கள் சக ஆசிரியர்கள் கேட்கக்கூடும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006 இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லுங்கள். ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் முந்தைய பாடத்திலிருந்து இரண்டு வினாக்கள் வைத்துவிடுகிறேன். மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.

படப்பிடிப்பைப் பற்றி யோசிக்குமுன், பழைய விடைத்தாள்களை எடுத்து, அடிக்கடி வரும் தவறுகளைக் குறித்துக்கொண்டு, அவற்றை வைத்துச் சில வினாக்கள் எழுதி எனக்கு அனுப்புங்கள். பாடத்தைச் சரியாகப் படிக்காத மாணவனாக இருந்து விடையளித்துத் திருப்பி அனுப்புகிறேன். அந்தத் திறமை என்னிடம் எப்போதும் உண்டென்பது உங்களுக்குத் தெரியாததா என்ன?

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்